ஆட்டை நாயாக்கும் கணக்கு

வெகுளித்தனம் என்பது அறிவுக் குறைவு அல்ல, சோதித்துப் பார்க்காத ஓர் அனுமானம். கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் அதை வெளிப்படையாக எழுதிவைக்கிறார்கள். மனிதர்கள் அதைச் சுமந்துகொண்டிருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. மோசடிக்காரர்களின் முதலீடு அங்கேதான் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் மாதக் கடைசியில் லூதியானாவில் ஒரு தொழிலதிபரின் வீட்டுக்குள் 'உச்ச நீதிமன்றம்' நுழைந்தது. வந்த வழி ஸ்கைப். 'வழக்கில்' சிக்கியவர் வர்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால். அப்போது அவருக்கு வயது 82. 2010ல் பத்மபூஷண் பெற்றவர். பெரிய தொழில் சாம்ராஜ்யத்தைக் கட்டி எழுப்பியவர்.

முதலில் தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்படும் என்று ஓர் அழைப்பு. அடுத்து, அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு ஒன்று பண மோசடி வழக்கில் சம்பந்தப்பட்டிருப்பதாக, சிபிஐ அதிகாரி என்று சொல்லிக்கொண்ட ஒருவரின் குரல். பிறகு வாட்ஸ்அப்பில் முத்திரை பதித்த உத்தரவு. கடைசியில் ஒரு நீதிமன்ற விசாரணை. நீதிபதியின் முகம் தெரியவில்லை. ஆனால் அன்றைய தலைமை நீதிபதியின் பெயர் சொல்லப்பட்டது. மேசையில் சுத்தியல் தட்டும் ஓசையும் கேட்டது. ஓஸ்வால் இரண்டு நாள் கேமராவின் கண்காணிப்பில் இருந்தார். யாரிடமும் பேசக் கூடாது என்பது நிபந்தனை. 7 கோடி ரூபாய் கைமாறிய பிறகே அத்தனையும் நாடகம் என்று தெரிந்தது. பஞ்சாப் போலீசார் அதில் 5.25 கோடி ரூபாயை மீட்டது அபூர்வமான அதிர்ஷ்டம்.

இப்படி ஒரு செய்தியைப் படிக்கிறவர் உதட்டில் உடனே வரும் கேள்வி: இவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு வெகுளியா?

கேள்வியிலேயே ஒரு கோணல் இருக்கிறது. வெகுளித்தனம் என்பது படிப்பில்லாதவர்களுக்கும் கிராமத்து மனிதர்களுக்கும் உரியது, அனுபவசாலிகளுக்கு வராது என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. புள்ளிவிவரம் இந்த நம்பிக்கைக்கு இடம் தருவதில்லை. 2023ல் சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024ல் அது 22,845 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் அரசாங்கமே தந்த கணக்கு இது. ஒரே ஆண்டில் இந்தியர்கள் மூன்று மடங்கு அசடுகளாகிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. மாறியது வேறு ஏதோ ஒன்று. அது என்ன என்று புரிந்துகொள்ள, எதிர்பாராத ஓரிடத்திலிருந்து உதவி கிடைக்கிறது. வெகுளித்தனத்தை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவரும் கம்ப்யூட்டர் துறைதான் அது.

கோபத்திலிருந்து அப்பாவித்தனத்துக்கு

முதலில் சொல்லைப் பார்க்கலாம். இன்று கள்ளம் கபடம் அறியாதவரைக் குறிக்கும் 'வெகுளி', பழந்தமிழில் நேர்மாறான ஒன்றைக் குறித்தது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளி என்பது கோபம். கோபம் கொள்ளாதிருப்பதைப் பற்றிப் பேசும் திருக்குறளின் 31வது அதிகாரத்துக்கு 'வெகுளாமை' என்று பெயர். 'பேதை'யின் கதையும் இப்படித்தான். பெண்களின் ஏழு பருவங்களில் முதலாவது பேதை. அது விளையாட்டுச் சிறுமியின் பருவம். ஆனால் குறளின் 84வது அதிகாரமான 'பேதைமை' பேசுவது கண்டிக்கத்தக்க அறியாமையை. குழந்தையிடம் ரசிக்கப்படுவது பெரியவரிடம் பழிக்கப்படுகிறது.

ஆங்கிலத்தின் 'நயீவ்' என்ற சொல்லும் இதே பாதையில் வந்ததுதான். பிரெஞ்சு மொழி வழியாக லத்தீனின் 'நேட்டிவஸ்' என்ற சொல்லைத் தொடுகிறது அது. பிறந்தபடியே இருப்பது என்று பொருள். உள்ளூர்க்காரரைக் குறிக்கும் 'நேட்டிவ்' அதன் உடன்பிறப்பு. பிறந்த ஊரில் குற்றமில்லாத ஒரு குணம், ஊர் மாறியதும் குறையாகிவிடுகிறது.

இந்தி சினிமா இதை நன்றாகவே புரிந்துகொண்டது. 1956ல் வந்த 'ஜாக்தே ரஹோ'வில் ராஜ் கபூர் கல்கத்தாவுக்கு வந்த கிராமத்தான். ஒரு வாய்த் தண்ணீருக்காக அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நுழைகிறவனைத் திருடன் என்று துரத்துகிறார்கள். இரவு முழுவதும் ஒளிந்து திரியும் அவன் கண்ணில் படுவதெல்லாம் கௌரவமானவர்கள் செய்யும் திருட்டுகள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'ஸ்ரீ 420', தலைப்பிலேயே மோசடிச் சட்டப் பிரிவைச் சுமந்தது. அந்த 420 இன்று இல்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318வது பிரிவு அதன் இடத்தில் இருக்கிறது. ஆனால் 'நாலு இருபது' என்ற வசவு நாட்டின் நாக்கில் அப்படியே இருக்கிறது.

நெற்றியில் ஒட்டிய சீட்டு

கம்ப்யூட்டர் துறையில் 'வெகுளியான' வழிமுறை என்று ஒன்றைச் சொன்னால் அது வசவு அல்ல. யாருக்கும் முதலில் தோன்றும் நேரடியான வழி என்று அர்த்தம். எளிமையானது, எழுதச் சுலபமானது, பெரும்பாலும் சரியான விடையைத் தருவது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு என்று சொல்லிவிட முடியும் என்பதுதான் முக்கியம்.

ஓர் உதாரணம். 1, 1, 2, 3, 5, 8 என்று முந்தைய இரண்டையும் கூட்டி வளரும் எண் வரிசை. மேற்கே பிபனாச்சி பெயரில் அறியப்படும் இதை, யாப்பிலக்கணக் கணக்காக 12ஆம் நூற்றாண்டிலேயே குஜராத்தின் ஹேமசந்திரர் எழுதிவைத்திருக்கிறார். இதன் 40வது எண் என்ன? 39வதையும் 38வதையும் கண்டுபிடித்துக் கூட்டு, அவற்றைக் கண்டுபிடிக்க அவற்றின் முந்தையவற்றைக் கண்டுபிடி என்று சொல்வது வெகுளியான வழி. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் ஏற்கெனவே போட்ட கணக்கை மறந்து மறந்து மறுபடியும் போடும். 40வது எண்ணுக்கு வருவதற்குள் 33 கோடியே 11 லட்சத்துக்கும் அதிகமான தடவை அது தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். விடையை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டே போனால் 40 கூட்டல்களுக்குள் வேலை முடிந்துவிடும்.

பாடப் புத்தகங்கள் வெகுளியான வழியைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கின்றன. பிறகு அது எங்கே தடுமாறும் என்று காட்டுகின்றன. அதாவது வெகுளித்தனம் அங்கே நெற்றியில் சீட்டு ஒட்டிக்கொண்டு வருகிறது: 'நான் இன்னதை நம்பி நடக்கிறேன். அந்த நம்பிக்கை பொய்த்தால் என்னை விட்டுவிடு.'

இந்தச் சீட்டைப் பெயராகவே வைத்துக்கொண்ட ஒரு கணித முறை உண்டு. அதன் பெயர் 'நயீவ் பேய்ஸ்', அதாவது வெகுளியான பேய்ஸ். 1761ல் இறந்த தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் விட்டுச்சென்ற கட்டுரையை அவர் நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763ல் வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். புதிய சாட்சியம் கிடைக்கும்போது பழைய நம்பிக்கையை எவ்வளவு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் கணக்கு அது. ஒரு சாட்சியம் என்றால் சிக்கலில்லை. ஐம்பது சாட்சியங்கள் வந்தால்? அவற்றில் எது எதோடு சம்பந்தப்பட்டது என்று பார்க்கப் புகுந்தால் கணக்கு கட்டுக்கடங்காமல் போகும். இங்கேதான் அந்த வெகுளித்தனமான முடிவு: 'எந்தச் சாட்சிக்கும் இன்னொரு சாட்சியோடு சம்பந்தமில்லை என்று வைத்துக்கொள்வோம்.' இப்படி நம்பிவிட்டால் எல்லாவற்றையும் பெருக்கிவிட்டால் போதும்.

இது உண்மையல்ல என்று எல்லோருக்கும் தெரியும். வயிற்று வலியும் குமட்டலும் சேர்ந்தே வருபவை. 'பரிசு' என்ற சொல் வரும் கடிதத்தில் 'லாட்டரி'யும் வருவது சகஜம். அதனால் இந்த முறையை 'மடையனின் பேய்ஸ்' என்றுகூடக் கேலி செய்தார்கள். ஆனால் கேலி செய்தவர்கள் அதிசயிக்கும்படி அது வேலை செய்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பால் என்ற டாக்டரின் குழு, கடுமையான வயிற்று வலியோடு வந்த 304 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தது. 1972ல் வெளியான முடிவின்படி கம்ப்யூட்டர் 91.8 சதவீதம் சரியாகச் சொன்னது. குழுவிலேயே மூத்த டாக்டர் சொன்னது 79.6 சதவீதம்.

2002ல் பால் கிரஹாம் என்ற அமெரிக்க புரோகிராமர் இதே வகைக் கணக்கைக் கொண்டு குப்பை மெயில்களைப் பிரிக்கலாம் என்று எழுதிய கட்டுரை பிரபலமாயிற்று. அஞ்சல் பெட்டிகள் ஓரளவாவது சுத்தமாக இருப்பதற்கு இந்த வெகுளியும் ஒரு காரணம்.

ஒவ்வாத அனுமானம் எப்படி ஒத்துப்போகிறது? காரணம் எளிது. ஒரே விஷயத்தை இரண்டு தடவை எண்ணுவதால் இந்த முறைக்குத் தன்னம்பிக்கை அளவுக்கு மீறிப் போகிறது. ஆனால் இதனிடம் கேட்கப்படுவது தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான். எவ்வளவு சாய்கிறது என்பதல்ல. சாய்வின் அளவு தப்பாக இருந்தாலும் பக்கம் பெரும்பாலும் சரியாக இருந்துவிடுகிறது.

மூன்று போக்கிரிகள்

எப்போது பக்கமே தப்பாகிறது? அதற்கான பதில் பஞ்சதந்திரத்தில் இருக்கிறது.

ஒரு பிராமணர் யாகத்துக்காக ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார். மூன்று போக்கிரிகள் பார்க்கிறார்கள். வழியில் தூரம் தூரமாகப் பிரிந்து நின்றுகொள்கிறார்கள். முதலாமவன், "சுவாமி, நாயை ஏன் தூக்கிக்கொண்டு போகிறீர்?" என்று கேட்கிறான். பிராமணர் கோபித்துக்கொண்டு நடக்கிறார். இரண்டாமவனும் அதையே கேட்கிறான். அவருக்குச் சந்தேகம் வருகிறது. மூன்றாமவனும் அப்படியே சொன்னதும் ஆட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறார்.

காலங்காலமாக இதை முட்டாளின் கதை என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். தன் கண்ணே தன்னை ஏமாற்றியிருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு உண்டு என்று அவர் நினைப்பதாக வைத்துக்கொள்ளலாம். வழிப்போக்கர் ஒருவர் 'நாய்' என்றால் அது உண்மையாக இருக்கும் வாய்ப்பு 20 மடங்கு கூடுகிறது என்றும் வைத்துக்கொள்ளலாம். முதல் ஆள் சொன்னதும் நாய்க்கு 20, ஆட்டுக்கு 1,000. பிராமணர் பொருட்படுத்தாமல் நடக்கிறார். இரண்டாவது ஆளுக்குப் பிறகு நாய்க்கு 400, ஆட்டுக்கு 1,000. தயங்குகிறார். மூன்றாவது ஆளுக்குப் பிறகு நாய்க்கு 8,000, ஆட்டுக்கு 1,000. தராசு சாய்ந்துவிட்டது. கீழே போடுவதுதான் நியாயமான முடிவு.

பிராமணரின் கணக்கில் எந்தத் தப்பும் இல்லை. அவர் பெருக்கியதுதான் தப்பு. மூவரும் ஒரே கும்பல் என்றால் அங்கே இருப்பது மூன்று சாட்சி அல்ல, மூன்று வாய் கொண்ட ஒரு சாட்சி. அப்போது நாய்க்கு 20, ஆட்டுக்கு 1,000 என்றே நின்றிருக்கும். ஆடு தோளிலேயே இருந்திருக்கும். போக்கிரிகள் தூரம் தூரமாகப் பிரிந்து நின்றது ஏன் என்பதும் இப்போது புரியும். ஒருவரை ஒருவர் அறியாதவர்களாகத் தோன்றுவதில்தான் அவர்களின் சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

'டிஜிட்டல் கைது' என்ற மோசடியின் கட்டமைப்பும் இதுவே. கூரியர் கம்பெனி ஊழியர், தொலைபேசித் துறை அதிகாரி, போலீஸ் இன்ஸ்பெக்டர், சிபிஐ, ரிசர்வ் வங்கிக் கடிதம், நீதிபதி என்று சாட்சிகள் ஒவ்வொருவராக வருகிறார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு குரல். முந்தையவர் சொன்னதை அடுத்தவர் 'தற்செயலாக' உறுதிப்படுத்துகிறார். கேட்கிறவர் பெருக்கிக்கொண்டே போகிறார். அறிவாளிகள் தப்பிவிடுவார்கள் என்பதற்கும் இங்கே உத்தரவாதமில்லை. சாட்சியங்களை எடைபோட்டு முடிவெடுத்துப் பழகியவர் இன்னும் ஒழுங்காகப் பெருக்குவார்.

வயிற்று வலியும் குமட்டலும் டாக்டரை ஏமாற்றச் சதி செய்வதில்லை. அதனால்தான் லீட்ஸில் வெகுளி ஜெயித்தது. எதிரே ஆள் இருந்தால் கதை வேறு. குப்பை மெயில் அனுப்பியவர்கள் வடிகட்டியின் அனுமானத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். விளம்பரத்துக்குக் கீழே நாவல்களிலிருந்து பத்திகளையும் சாதுவான சொற்களையும் அள்ளிப் போட்டார்கள். ஒவ்வொரு நல்ல சொல்லும் தனித்தனிச் சாட்சியாகக் கணக்கில் ஏறியது. குப்பை, கடிதமாக உள்ளே நுழைந்தது. ஆய்வாளர்கள் இதற்கு 'நல்ல சொல் தாக்குதல்' என்றே பெயர் வைத்தார்கள்.

நல்லவர்கள் கட்டிய வீடு

வெகுளித்தனம் ஆட்களிடம் மட்டும் இருப்பதில்லை, அமைப்புகளிலும் இருக்கும். அதற்கு இன்டர்நெட்டே சாட்சி.

ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களின் தெருவாகத்தான் அது தொடங்கியது. 1982 ஆகஸ்டில் ஜோனதன் போஸ்டல் எழுதி வெளியிட்ட மின்னஞ்சல் விதிமுறை, அனுப்புகிறவர் தன் பெயரை என்னவென்று சொன்னாலும் ஏற்றுக்கொண்டது. உறையின் பின்புறம் யார் விலாசம் எழுதினாலும் தபால்காரர் கேட்காதது போல. அக்கம்பக்கம் எல்லாம் தெரிந்தவர்களாக இருக்கும்போது கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது அநாகரிகம்.

1988 நவம்பர் 2ஆம் தேதி தெருவின் குணம் மாறியது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் ஒரு புரோகிராமை அவிழ்த்துவிட்டார். அது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. 'இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறவர் நம்மவர், கடவுச்சொல் கேட்க வேண்டாம்' என்று இயந்திரங்கள் தமக்குள் வைத்திருந்த நம்பிக்கைப் பட்டியலைப் பயன்படுத்திக்கொண்டது. தங்கள் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தவர்களையும் கண்டுபிடித்தது. சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அன்று இணைந்திருந்தவற்றில் அது ஏறத்தாழப் பத்தில் ஒன்று. மாரிஸின் தந்தை அமெரிக்க அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி என்பது கதையின் உபரி விநோதம்.

மாரிஸுக்கு 1990ல் தண்டனை கிடைத்தது. ஆனால் கவனிக்க வேண்டியது துறை என்ன செய்தது என்பதை. கடவுச்சொல்லைச் சுலபமாக வைத்திருந்தவர்களை அசடுகள் என்று திட்டிவிட்டு அது ஓய்ந்துவிடவில்லை. அதே நவம்பரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவசர உதவிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. இந்தியாவின் செர்ட்-இன் உட்பட இன்று பல நாடுகளில் உள்ள இத்தகைய குழுக்களுக்கு அதுவே முன்னோடி. நம்பிக்கைப் பட்டியல்கள் ஒழிந்தன, தாழ்ப்பாள்கள் வந்தன. சில தாழ்ப்பாள்களுக்கு வெகு காலம் ஆயிற்று. நாளொன்றுக்கு 5,000க்கு மேல் மெயில் அனுப்புகிறவர்கள் தாங்கள் யார் என்று நிரூபிக்க வேண்டும் என்று ஜிமெயில் கட்டாயப்படுத்தியது 2024 பிப்ரவரியில். போஸ்டலின் விதிமுறைக்கு 42 ஆண்டுகளுக்குப் பிறகு.

இப்போது வெகுளித்தனம் புதிய முகவரிக்குக் குடிபோயிருக்கிறது. மனிதர் போல உரையாடும் செயற்கை அறிவுப் புரோகிராம்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. எஜமானர் இட்ட கட்டளையையும், படிக்கக் கொடுத்த காகிதத்தில் எவனோ எழுதிவைத்த கட்டளையையும் பிரித்தறிய அவை தடுமாறுகின்றன. 'இந்தக் கடிதத்தைச் சுருக்கிச் சொல்' என்று கேட்டால், கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் இருக்கும் 'முந்தைய உத்தரவை மறந்துவிடு' என்ற வரிக்கும் அவை கீழ்ப்படியக்கூடும். 2022 செப்டம்பரில் இந்தத் தாக்குதலுக்குப் பெயர் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் முழுமையான மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. கடைக்குப் போன பிள்ளையை வழியில் யாரோ, 'உங்கப்பாதான் சொல்லச் சொன்னார், பணத்தை என்னிடம் கொடு' என்று மடக்குவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. நம் சார்பில் டிக்கெட் வாங்கவும் கடிதம் எழுதவும் இத்தகைய புரோகிராம்களை அனுப்பத் தொடங்கியிருக்கும் காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

பழி யார் தலையில்?

இயந்திரம் ஏமாந்தால் அதைக் கட்டியவர்களைக் கேள்வி கேட்கிறோம். மனிதர் ஏமாந்தால் மனிதரையே கேட்கிறோம். இந்த வேறுபாட்டில் கோடிக்கணக்கான ரூபாய் அடங்கியிருக்கிறது.

2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளருக்குப் பெரிய பாதுகாப்பைத் தந்தது. வங்கியின் மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறினால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. ஆனால் ரகசிய எண்ணை அவரே யாரிடமாவது சொல்லியிருந்தால் அது 'கவனக்குறைவு'. புகார் செய்யும்வரை போன பணம் அவர் தலையில். விதி நியாயமாகவே தோன்றும். ஆனால் மிரட்டலுக்குப் பயந்து தன் கையாலேயே பணத்தை அனுப்பியவரின் கதி? அங்கே ரகசிய எண் திருடப்படவில்லை, வங்கியின் பூட்டு உடைக்கப்படவில்லை. உடைக்கப்பட்டது அவருடைய தீர்மானம்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்றுக்கொண்ட வங்கியும் பாதிப் பாதி. மிக மோசமான கவனக்குறைவு என்று நிரூபித்தால் மட்டுமே விலக்கு. எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கும் கிடையாது. மக்கள் அஜாக்கிரதையாகிவிடுவார்கள் என்ற ஆட்சேபம் உண்டு. ஆனால் மோசடிக் கணக்கு ஒன்று தங்கள் கிளையில் திறக்கப்படுவதைப் பற்றி வங்கிகள் கவலைப்பட ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அமைப்பின் வெகுளித்தனத்தைத் திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு, +91 என்று தொடங்கும் இந்திய எண்ணைப் போட்டுக்கொண்டு வந்தால் நம் தொலைபேசி அமைப்பு அதை அப்படியே நம்பித் திரையில் காட்டிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் 22ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை இத்தகைய அழைப்புகளைச் சோதித்துத் தடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 24 மணி நேரத்தில் சிக்கிய போலி அழைப்புகள் 1.35 கோடி. இந்திய எண்ணோடு வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்புகளில் இது 90 சதவீதம் என்றது அரசாங்கம். அந்த ஒரு நாளுக்கு முன்பு, திரையில் தெரிந்த எண்ணை நம்பிய முதியவரை 'வெகுளி' என்று சொன்னோம். அவருக்கு முன்னால் அதை நம்பியது கோடிக்கணக்கான ரூபாய் செலவில் கட்டப்பட்ட தொலைபேசி நிலையம்.

கும்பலில் சேராத சாட்சி

அதே மாதம் 27ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தன் வானொலி உரையில் டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் எதுவும் கிடையாது என்று சொல்லி, நிதானி, யோசி, பிறகு செயல்படு என்ற மூன்று படிகளைச் சொன்னார். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் இத்தகைய வழக்குகளை விசாரிக்க சிபிஐக்கு உத்தரவிட்டது. 1930 என்ற உதவி எண்ணில் எவ்வளவு சீக்கிரம் புகார் செய்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு அதிகம்.

யோசிப்பது நல்லதுதான். ஆனால் என்னவென்று யோசிப்பது? 'இவர் நல்லவரா, கெட்டவரா' என்ற கேள்வியால் பயனில்லை. மிரட்டுகிற குரலின் முகத்தைப் படிக்க முடியாது. கம்ப்யூட்டர் துறையின் அனுபவம் சொல்லும் கேள்வி வேறு: 'இந்தச் சாட்சிகளெல்லாம் ஒரே வழியாக வந்தவையா?' முதல் அழைப்பே இரண்டாவது ஆளை இணைத்துக் கொடுத்திருந்தால், அவர் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டிருந்தால், உத்தரவும் அதே வாட்ஸ்அப்பில் வந்திருந்தால், எத்தனை பேர் பேசினாலும் சாட்சி ஒன்றுதான். பெருக்கக் கூடாது.

மோசடிக்காரர்களின் முதல் நிபந்தனை ஏன் எப்போதும் 'யாரிடமும் சொல்லாதே' என்பதாகவே இருக்கிறது என்பதும் இதனால் விளங்கும். அவர்கள் பயப்படுவது சைபர் நிபுணருக்கு அல்ல. பக்கத்து வீட்டுக்காரருக்கு. மளிகைக் கடைக்காரரோ, மருமகளோ, வங்கிக் காசாளரோ, அந்தக் கும்பலில் சேராத யாராவது ஒருவர் உள்ளே வந்தால் கணக்கு முழுவதும் கலைந்துவிடும். அழைப்பைத் துண்டித்துவிட்டு, அவர்கள் கொடுத்த எண்ணை விட்டு, நாமே தேடி எடுத்த எண்ணில் அந்த அலுவலகத்தைக் கூப்பிடுவதும் அப்படி ஒரு சாட்சியைத் தேடுவதுதான்.

எல்லோரையும் சந்தேகப்படு என்பது இதற்கு அர்த்தமல்ல. அப்படி வாழவும் முடியாது. பஸ் டிரைவரை நம்பி ஏறுகிறோம், மருந்துக் கடைக்காரரை நம்பி மாத்திரை விழுங்குகிறோம். நம்பிக்கை இல்லாமல் ஒரு நாள் கூட நகராது. வெகுளித்தனம் பிறந்த ஊரில் குற்றமில்லை. தெரு மாறிவிட்டது என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவைக் காவல் காக்க வேண்டியவர்கள் அந்தப் பொறுப்பை நடந்து போகிறவர் தலையில் ஏற்றிவிடக் கூடாது.

பஞ்சதந்திரத்துப் பிராமணருக்கு வேதம் தெரியும், சாஸ்திரம் தெரியும். அவருக்கு அன்று தேவைப்பட்டது அது எதுவுமல்ல. வழியில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு குடியானவனைக் கூப்பிட்டு, "என் தோளில் இருப்பது என்னப்பா?" என்று கேட்டிருந்தால் போதும்.